‘விளக்குக’ வேறு, ‘மதிப்பிடுக’ வேறு: பொருளியல் வினாக்களில் கட்டளைச் சொற்கள்

பொருளியல் தேர்வு எழுதிவிட்டு வரும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. “எல்லாம் படித்ததுதான் வந்தது, பக்கம் பக்கமாக எழுதினேன், ஆனாலும் மதிப்பெண் வரவில்லை.” இதற்குக் கிடைக்கும் அறிவுரைகளும் வழக்கமானவைதான்: இன்னும் விரிவாக எழுது, உதாரணம் சேர், படம் போடு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேள்வித்தாளையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல நேரம் கோளாறு வேறு இடத்தில் இருப்பது தெரியும். ‘பகுத்தாய்க’ என்று கேட்ட இடத்தில் வரையறைகள் வரிசையாக நிற்கும். ‘வரையறுக்க’ என்று கேட்ட இடத்தில் அரைப் பக்கத்துக்கு நன்மை தீமைகள் ஓடும். பாடம் தெரிந்திருக்கிறது, கேட்ட வேலை நடக்கவில்லை.

கேள்வியில் நம்மை ஒரு செயலைச் செய்யச் சொல்லும் வினைச்சொல்லுக்குக் கட்டளைச் சொல் என்று பெயர். வரையறுக்க, கணக்கிடுக, விளக்குக, பகுத்தாய்க, விவாதிக்க, மதிப்பிடுக எல்லாம் அந்த வகை. ‘எழுதுக’ என்பதையே விதவிதமாகச் சொல்கிறார்கள் என்றுதான் பலரும் இவற்றைக் கடந்து போகிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு தனி வேலையைக் கேட்கிறது. விடை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதும் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

## ஒரே பொருளைப் பற்றி மூன்று கேள்விகள்

சைக்கிளைப் பற்றி ஒரு நண்பர் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

“கியர் என்றால் என்ன?” இதற்கு ஒரு வாக்கியம் போதும்.

“பெடலை மிதித்தால் பின்சக்கரம் எப்படிச் சுற்றுகிறது?” இப்போது ஒரு வாக்கியம் போதாது. மிதித்தால் முன்னால் இருக்கும் பல்சக்கரம் சுற்றும், அது சங்கிலியை இழுக்கும், சங்கிலி பின்னால் இருக்கும் பல்சக்கரத்தைச் சுழற்றும், அதோடு சக்கரமும் சுற்றும். நடுவில் சங்கிலியைச் சொல்லாமல் விட்டால் கேட்பவருக்குப் புரியாது.

“நான் கியர் சைக்கிள் வாங்கலாமா?” இங்கே நாமே திருப்பிக் கேட்போம். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவாய்? மேடு பள்ளமான பாதையா, சமதளமா? பராமரிக்க நேரம் இருக்கிறதா? அதையெல்லாம் எடைபோட்டுவிட்டு, “உன் பாதைக்கு இது தேவை” என்றோ “சாதா சைக்கிளே போதும்” என்றோ சொல்வோம்.

பேச்சில் யாரும் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. வாங்கலாமா என்று கேட்டவரிடம் கியரின் வரையறையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் யாருமில்லை. தேர்வு அறையில் மட்டும் அதுவே நடக்கிறது.

முதல் கேள்வி அறிவைக் கேட்கிறது, இரண்டாவது இயக்கத்தைக் கேட்கிறது, மூன்றாவது தீர்ப்பைக் கேட்கிறது. தேர்வு வாரியங்கள் தாம் சோதிக்க விரும்பும் இப்படிப்பட்ட திறன்களுக்கு மதிப்பீட்டு நோக்கங்கள் என்று பெயர் வைத்திருக்கின்றன. பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலின் பொருளியலில் அவை நான்கு: அறிவு, பயன்படுத்தல், பகுத்தாய்வு, மதிப்பீடு. திறன்களை இப்படிப் படிநிலையாக அடுக்கும் பழக்கம் பரவியதில் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956-இல் வெளியிட்ட வகைப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வாளர் திருத்தும்போது கையில் வைத்திருப்பதும் இந்தத் திறன்களின்படி பிரித்த மதிப்பெண் திட்டம்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பாடத்தில் எந்தப் பகுதி என்பதைத் தலைப்பு சொல்கிறது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கட்டளைச் சொல் சொல்கிறது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணத்துக்குக் கடைசி வரை ஒரே தலைப்பு போதும்: சர்க்கரை கலந்த பானங்கள் மீது அரசு போடும் வரி.

## சீக்கிரம் முடிய வேண்டிய விடைகள்

வரையறுக்க, குறிப்பிடுக, பட்டியலிடுக ஆகியவை கேட்பது நினைவில் இருக்கும் தெளிவான அறிவு மட்டுமே. ‘மறைமுக வரி என்பதை வரையறுக்க’ என்றால், பொருட்கள், சேவைகள் மீது விதிக்கப்படும் வரி. அதை அரசுக்குச் செலுத்துவது விற்பனையாளர், அதன் சுமையை முழுவதுமாகவோ ஓரளவோ விலை வழியாக வாங்குபவர் மீது மாற்ற முடியும். அவ்வளவுதான். அதன் நன்மைகளைத் தொடங்கவே கூடாது. எழுதினால் மதிப்பெண் குறையாது, ஆனால் கூடவும் செய்யாது. நேரம்தான் போகும்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ-யில், பொருளியலின் இரண்டாம் தாள் 90 மதிப்பெண்களுக்கு 2 மணி 15 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்று வருகிறது. இரண்டு மதிப்பெண் வரையறைக்கு மூன்று நிமிடம். அதில் பத்து நிமிடம் செலவழித்தவர், கடைசியில் வரும் எட்டு மதிப்பெண் கேள்விக்கான நேரத்தைத்தான் இங்கே தின்றிருக்கிறார்.

‘கணக்கிடுக’ என்றால் எண்ணும் வேண்டும், வந்த வழியும் வேண்டும். பானத்தின் விலை 50-லிருந்து 55-ஆக உயர்கிறது, விற்கும் அளவு 200-லிருந்து 192-ஆகக் குறைகிறது. தேவையின் விலை நெகிழ்ச்சி என்ன? விலை நெகிழ்ச்சி என்பது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவுகோல். அளவில் மாற்றம் −4 விழுக்காடு, விலையில் மாற்றம் 10 விழுக்காடு, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் −0.4. இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, வகுத்தலைத் தலைகீழாகப் போடுவது. இன்னொன்று, விழுக்காடு காணும்போது பழைய விலைக்குப் பதிலாகப் புதிய விலையால் வகுப்பது. வழியைக் காட்டியிருந்தால் கடைசி எண் பிசகினாலும் ஒரு பகுதி மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. வெறும் எண்ணை எழுதி அது தவறாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது.

‘வரைக’ என்றால் அச்சுகளுக்குப் பெயர், தேவைக் கோடு (வாங்குவோர் வாங்க விரும்பும் அளவு), அளிப்புக் கோடு (விற்போர் விற்க முன்வரும் அளவு) என்று கோடுகளுக்குப் பெயர், அவை சந்திக்கும் பழைய சமநிலை, புதிய சமநிலை எல்லாம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயரில்லாத இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வது எந்தச் சந்தையையும் காட்டாது.

## ‘விளக்குக’: ஏன், எப்படி

‘வரியால் பானத்தின் விலை ஏன் உயர்கிறது என்பதை விளக்குக.’ இதற்கு “வரி போட்டால் விலை உயரும்” என்று எழுதுவது கேள்வியையே திருப்பிச் சொல்வது. ‘விளக்குக’ என்ற சொல் காரணத்தைக் கேட்கிறது. வரி ஒவ்வோர் அலகையும் விற்பதற்கான செலவைக் கூட்டுகிறது, அதனால் பழைய விலைக்கு முன்பு விற்ற அளவை இப்போது விற்க விற்பனையாளர்கள் முன்வரமாட்டார்கள், அளிப்பு குறைகிறது, விலை மேலே போகிறது. ‘ஏனென்றால்’, ‘அதனால்’ என்ற இணைப்புகள் விடையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஓர் எளிய சோதனை. அவை இல்லாத விடை பெரும்பாலும் வருணனையாகவே நின்றிருக்கும்.

‘விவரிக்க’ என்பது இதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல். அதற்கு என்ன நடந்தது என்பது போதும், காரணம் வேண்டாம். ஒரு வரைபடத்தில் வேலையின்மை எப்படி மாறியது என்று விவரிக்கச் சொன்னால், எந்த ஆண்டில் உச்சம், எப்போது இறக்கம், மொத்தப் போக்கு என்ன என்று சொல்லி நிறுத்திவிடலாம்.

## ‘பகுத்தாய்க’: சங்கிலி அறுபடக் கூடாது

‘விளக்குக’ ஓரிரு இணைப்புகளோடு திருப்தியடையும். ‘பகுத்தாய்க’ நீண்ட சங்கிலியைக் கேட்கிறது. ஒரு விளைவு அடுத்ததை எப்படி உண்டாக்குகிறது, அது அதற்கடுத்ததை எப்படித் தள்ளுகிறது என்று கடைசி வரை கொண்டுபோக வேண்டும். நண்பரின் சைக்கிள் இங்கேதான் உதவும். மிதியிலிருந்து நேராகச் சக்கரத்துக்குத் தாவினால் வண்டி நகராது.

‘சர்க்கரை பானங்கள் மீதான வரி அவற்றின் நுகர்வில் ஏற்படுத்தும் விளைவைப் பகுத்தாய்க.’ தாவும் விடை இப்படி இருக்கும்:

“வரி போட்டால் மக்கள் குறைவாகக் குடிப்பார்கள். உடல்நலம் மேம்படும். அரசுக்கு வருவாயும் கிடைக்கும்.”

மூன்று வாக்கியங்களும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எதுவும் எதோடும் இணையவில்லை. இதே விடையைச் சங்கிலியாக எழுதினால்:

“வரி உற்பத்தியாளரின் செலவைக் கூட்டுவதால் அளிப்புக் கோடு வரியின் அளவுக்கு மேல்நோக்கி நகர்கிறது. பழைய விலையில் இப்போது தேவை அளிப்பைவிட அதிகம்; அந்தப் பற்றாக்குறை விலையை உயர்த்துகிறது. விலை உயர உயர, சிலர் வாங்குவதைக் குறைக்கிறார்கள், சிலர் வரி இல்லாத பானத்துக்கு மாறுகிறார்கள். தேவைக் கோட்டின் மீதே மேல்நோக்கி நகர்ந்து புதிய சமநிலைக்கு வருகிறோம். தேவையின் நெகிழ்ச்சி −0.4 என்பதால், விலை உயரும் விகிதத்தைவிடக் குறைவான விகிதத்திலேயே நுகர்வு குறைகிறது.”

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். “தேவை குறைந்தது” என்று எழுதவில்லை, கோட்டின் மீதே நகர்வதாக எழுதியிருக்கிறது. விலை மாறியதால் வாங்கும் அளவு மாறுவது வேறு, மக்களின் விருப்பமோ வருமானமோ மாறித் தேவைக் கோடே இடம்பெயர்வது வேறு. இந்த ஒரு கண்ணி தவறினால் சங்கிலி முழுக்கத் தவறான சந்தைக்குப் போய்விடும். அடுத்தது, கடைசி வாக்கியம் கேள்வி கேட்ட ‘நுகர்வு’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. அரசு வருவாய் பக்கம் போகவில்லை, ஏனென்றால் கேள்வி அதைக் கேட்கவில்லை.

பகுத்தாய்வில் நம் கருத்து தேவையில்லை. வரி நல்லதா என்று சொல்லத் தோன்றும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்ததில், வரையறை ஒரு புள்ளி, விளக்கம் ஒரு காரணம், பகுத்தாய்வு காரணங்களின் தொடர். ஆழம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது, ஆனால் எதிலும் தீர்ப்பு இல்லை.

## ஒப்பிடுதலும் வேறுபடுத்தலும்

‘ஒப்பிடுக’ என்றால் ஒற்றுமையும் வேற்றுமையும், ‘வேறுபடுத்துக’ என்றால் வேற்றுமை மட்டும். இரண்டிலும் நடக்கும் தவறு ஒன்றுதான்: ஒன்றைப் பற்றி ஒரு பத்தி, மற்றதைப் பற்றி ஒரு பத்தி, ஒப்பிடும் வேலை வாசிப்பவர் தலையில். பணவீக்க வீதம் குறைவதையும் பணவாட்டத்தையும் வேறுபடுத்தச் சொன்னால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மோதவிடலாம்: வீதம் 6 விழுக்காட்டிலிருந்து 3-ஆகக் குறைந்தாலும் விலைகள் உயர்ந்துகொண்டேதான் இருக்கின்றன, வேகம்தான் குறைந்திருக்கிறது, பணவாட்டத்திலோ பொது விலைமட்டமே இறங்குகிறது.

## ‘மதிப்பிடுக’, ‘விவாதிக்க’: எடைபோடும் வேலை

அதிக மதிப்பெண் இருக்கும் இடமும் அதிகம் கைநழுவும் இடமும் இதுதான். பிரிட்டனின் தேர்வு வாரியங்களில் ஒன்றான எடெக்செல்லின் ஏ லெவல் பொருளியலில் ‘மதிப்பிடுக’ என்று தொடங்கும் 25 மதிப்பெண் கேள்வியில் 16 மதிப்பெண் அறிவு, பயன்படுத்தல், பகுத்தாய்வுக்கு. மீதி 9 மதிப்பீட்டுக்கு. எவ்வளவு அழகான சங்கிலிகளைக் கட்டினாலும் எடைபோடாவிட்டால் 16-க்கு மேல் போக வழியில்லை.

எடைபோடுவது என்றால் என்ன? நன்மைக்கு ஒரு பத்தி, தீமைக்கு ஒரு பத்தி, கடைசியில் “எனவே இதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு” என்று முடிப்பதைத்தான் பலரும் மதிப்பீடு என்று நினைத்திருக்கிறார்கள். அது இரண்டு பட்டியல், அவ்வளவுதான். தராசில் இரண்டு பக்கமும் சரக்கை வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமலே போவதில் பயன் இல்லை. மதிப்பீடு ஒரு வாதத்தைக் கையில் எடுத்து, அது எந்த நிபந்தனையில் நிற்கும், எந்த நிபந்தனையில் விழும் என்று கேட்கிறது. பிறகு கேள்வியில் சொல்லப்பட்ட சூழலில் எந்தப் பக்கம் கனம் என்று சொல்கிறது.

‘சர்க்கரை பானங்களின் நுகர்வைக் குறைக்க வரி ஒரு சிறந்த வழியா என்பதை மதிப்பிடுக.’ முதலில் ஒரு மனப்பாட விடை:

“வரி வெற்றி பெறுவது பல காரணிகளைப் பொறுத்தது. குறுகிய காலத்தில் ஒரு விளைவும் நீண்ட காலத்தில் வேறு விளைவும் இருக்கலாம். நெகிழ்ச்சியும் முக்கியம்.”

இதில் ‘வரி’ என்பதை எடுத்துவிட்டு ‘மானியம்’ என்றோ ‘வட்டி வீதம்’ என்றோ போட்டாலும் பத்தி அப்படியே பொருந்தும். எந்தக் கேள்விக்கும் ஒட்டும் வாக்கியம் எந்தக் கேள்விக்கும் விடையாகாது என்பது என் உறுதியான எண்ணம். இனி இன்னொன்று:

“வரி நுகர்வைக் குறைக்கும் என்ற வாதம், விலைக்கு நுகர்வோர் எவ்வளவு அசைந்துகொடுக்கிறார்கள் என்பதை நம்பியே நிற்கிறது. நெகிழ்ச்சி −0.4 என்றால் விலை 10 விழுக்காடு உயர்ந்தும் நுகர்வு 4 விழுக்காடுதான் குறையும். ஆனால் சர்க்கரை இல்லாத பானம் வரியின்றிக் கிடைத்தால் அதற்கு மாறுவது எளிது. பழக்கம் மாறக் காலம் பிடிப்பதால் விளைவு போகப்போகக் கூடும். குறைந்த வருமானக் குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் பெரிய பங்கை இந்த வரிக்குக் கொடுக்க நேரிடும் என்பது உண்மையான குறை. வருவாயை அவர்களுக்கே பயன்படும் விதத்தில் செலவிட்டால் அது தணியும். ஆகவே மாற்றுப் பானங்கள் தாராளமாகக் கிடைக்கும் சந்தையில் வரி பயனுள்ள வழி. அவை இல்லாத இடத்தில் அது அரசுக்கு வருவாய் திரட்டுவதோடு நின்றுவிடும்.”

“பொறுத்தது” என்று இந்த விடையும் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைப் பொறுத்தது, ஏன் பொறுத்தது, அந்தக் காரணி இந்தப் பக்கம் இருந்தால் முடிவு என்ன, அந்தப் பக்கம் இருந்தால் என்ன என்பதையும் சேர்த்துச் சொன்னதால்தான் இது மதிப்பீடு ஆகிறது.

நிஜ உதாரணம் ஒன்று கையில் இருந்தால் வாதம் இன்னும் கூர்மையாகும். பிரிட்டன் 2016 மார்ச்சில் இப்படியொரு வரியை அறிவித்து 2018 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழ் சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 முதல் 8 கிராமுக்குள் இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் 24 பென்ஸ் என்பது தொடக்க வீதம். இடையில் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் வரி வரம்புக்குக் கீழே வரும்படி தங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. நுகர்வோரின் நெகிழ்ச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் விடையில், வரி எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதும் முடிவை மாற்றும் என்று இந்த ஓர் உதாரணத்தை வைத்துக் காட்டிவிடலாம்.

‘விவாதிக்க’ என்பது பல கோணங்களிலிருந்து வாதங்களை முன்வைக்கச் சொல்கிறது. கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ-யில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இந்தச் சொல்லோடுதான் வரும், அங்கே ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய விடை மேல்நிலை மதிப்பெண்ணைத் தொடாது. ‘எந்த அளவுக்கு’ என்று கேட்டால் விடையும் அளவாக இருக்க வேண்டும்: பெருமளவுக்கு, ஓரளவுக்கு, இந்த நிபந்தனையில் மட்டும் என்று. ஆம், இல்லை என்ற விடை அங்கே செல்லாது. ‘நியாயப்படுத்துக’ என்றால் நாம் எடுத்த முடிவுக்குக் காரணமும் சான்றும் தர வேண்டும்.

நினைவில் வைக்க: மதிப்பீட்டுக்கு அடிப்படை பகுத்தாய்வு. சங்கிலியே கட்டாமல் தீர்ப்பு சொன்னால் அது வெறும் அபிப்பிராயம். சங்கிலி கட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்லாமல் விட்டால் பாதி விடை.

## கட்டளைச் சொல்லின் பக்கத்துச் சொற்கள்

வினைச்சொல்லை மட்டும் வட்டமிட்டுவிட்டு எழுதத் தொடங்கிவிடக் கூடாது. ‘இரண்டு காரணங்களை விளக்குக’ என்றால் இரண்டுதான். ஐந்தைத் தொட்டுப் போவதைவிட இரண்டை முழுமையாகச் சொல்வதற்கே மதிப்பெண். ‘நுகர்வோர் மீது’ என்றால் உற்பத்தியாளரின் லாபக் கதை அங்கே தேவையில்லை. ‘குறுகிய காலத்தில்’ என்பது ஒரு வேலி. ‘தரப்பட்ட தரவைப் பயன்படுத்தி’ என்று இருந்தால் அந்த எண்கள் விடைக்குள் வந்தே ஆக வேண்டும். பாடம் முழுவதும் சரியாக எழுதி ஒரு எண்ணையும் எடுத்துக்காட்டாமல் விட்டால், பயன்படுத்தல் என்ற திறனுக்கான மதிப்பெண் அப்படியே போய்விடும்.

மதிப்பெண்ணும் கேள்வியின் ஒரு பகுதிதான். ஒரே ‘விளக்குக’ கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ-யில் நான்கு மதிப்பெண்ணுக்கு வரும். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில், பொருளியலின் முதல் தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு வரும். சொல் ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது இடத்தில் வரைபடமும் நீண்ட காரணத் தொடரும் எதிர்பார்க்கப்படும்.

வாரியத்துக்கு வாரியம் சொற்களின் எல்லையும் கொஞ்சம் மாறும். எடெக்செல் ஏ லெவலில் ‘ஆராய்க’ என்று வரும் எட்டு மதிப்பெண் கேள்வியில் இரண்டு மதிப்பெண் மதிப்பீட்டுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். சொல்லைப் பார்த்து அதைப் பகுத்தாய்வு என்று எண்ணிக்கொண்டவருக்கு அந்த இரண்டும் கிடைக்காது. கேம்பிரிட்ஜும் ஐபியும் கட்டளைச் சொற்களின் பட்டியலை அவற்றின் பொருளோடு பாடத்திட்ட ஆவணத்திலேயே தந்துவிடுகின்றன. எந்தத் தேர்வு எழுதப் போகிறோமோ அதன் ஆவணத்தில் அந்த ஓரிரு பக்கங்களைப் படித்துவிட வேண்டும்.

பழகுவதற்கு முழு விடை எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, குறைந்தபட்ச ஊதியம் என்றே வைத்துக்கொள்வோம், அதை ‘வரையறுக்க’, ‘பகுத்தாய்க’, ‘மதிப்பிடுக’ என்று மூன்று கேள்விகளாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். முதல் விடை, “இதற்குக் குறைவாக ஊதியம் தருவது சட்டப்படி செல்லாது” என்று முடியும். இரண்டாவது, “எனவே போட்டிச் சந்தையில் வேலைக்கு எடுக்கப்படுவோரின் எண்ணிக்கை குறைகிறது” என்பதில் போய் நிற்கும். மூன்றாவது, “ஊதியத்தைத் தீர்மானிக்கும் வலிமை ஒரே முதலாளியிடம் குவிந்திருக்கும் சந்தையில், அளவாக வைத்த குறைந்தபட்ச ஊதியம் வேலைவாய்ப்பைக் குறைக்காமலே வருமானத்தை உயர்த்த முடியும், போட்டி மிகுந்த சந்தையில் அந்த வாய்ப்பு குறைவு” என்று முடியும். மூன்று வாக்கியங்களும் ஒன்றுபோலவே இருந்தால், கட்டளைச் சொல்லை இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.